டோக்கியோவில் புதுக்குடித்தனம்: வாசகர் கேள்விகளும் விளக்கமும்

கேள்வி: கணவருக்கு டோக்கியோவிலுள்ள மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்து, ஐந்து வயதுக் குழந்தையுடன் குடிபெயரவிருக்கும் குடும்பம், போய் இறங்கியதும் எந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஜப்பானில் அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய ஏறத்தாழ எல்லா ஆவணங்களும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை, அந்த வேர், வார்டு அலுவலகத்தில் பதிவாகும் வீட்டு முகவரி ஆகும். மூன்று மாதங்களுக்கு மேல் தங்குவதற்கு அனுமதி பெற்று நரிதா, ஹனேடா போன்ற பெரிய விமான நிலையங்களில் வந்திறங்குபவருக்கு, 'ஸைர்யூ கார்டு' எனப்படும் தங்குரிமை அட்டை குடிநுழைவு முகப்பிலேயே வழங்கப்படுகிறது. 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்த அட்டையின் பின்புறம் அப்போது வெறுமையாகவே இருக்கும். நிலையான வீட்டுக்குக் குடிபோன 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்துக்குச் சென்று முகவரியைத் தெரிவித்தால், அது அந்தப் பின்புறத்தில் பதிக்கப்படுவதோடு, ஜப்பானியக் குடும்பங்களுக்கு உள்ளது போன்ற 'ஜூமின்ஹியோ' என்னும் குடியிருப்புப் பதிவேட்டிலும் குடும்பத்தின் பெயர் ஏறும். 12 இலக்கத் தனியாள் எண் இந்தப் பதிவுக்குப் பிறகுதான் தபாலில் வந்து சேரும்.

குழந்தையுள்ள குடும்பம் அதே நாளில் அதே கட்டடத்தில் முடிக்க வேண்டிய இன்னொரு வேலை 'ஜிதோ தெஆதே' எனப்படும் குழந்தை உதவித்தொகைக்கான விண்ணப்பம். 2024 அக்டோபர் முதல் பெற்றோரின் வருமான வரம்பு நீக்கப்பட்ட இத்திட்டத்தில், ஐந்து வயதுக் குழந்தைக்கு மாதம் 10,000 யென் கிடைக்கும். ஆனால் குடிவந்த 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்கத் தவறினால், தவறிய மாதங்களுக்கான தொகை பின்னர் கிடைக்காது. டோக்கியோவின் 23 வார்டுகளிலும் குழந்தைகளின் மருத்துவச் செலவுக்குத் தனியே ஓர் உதவி அட்டை உண்டு. அதையும் கேட்டு வாங்க வேண்டும். காப்பீடு பெற்ற பெரியவர்கள் மருத்துவமனைக் கட்டணத்தில் 30 விழுக்காட்டைக் கையிலிருந்து செலுத்தும் நாட்டில், இந்த அட்டை காய்ச்சல், சளிக் காலங்களில் பெரிய உதவியாகும்.

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். குடும்பப் பெயர் இல்லாமல் தந்தையின் பெயரையோ கணவரின் பெயரையோ முதலெழுத்தாகக் கொள்ளும் வழக்கம் ஜப்பானிய அலுவலகங்களுக்குப் புதிது. கடவுச்சீட்டில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் கணவருக்கு அவருடைய தந்தை பெயரும், மனைவிக்கு வேறொரு பெயரும், குழந்தைக்குக் கணவரின் பெயரும் இருந்தால், மூவரும் ஒரே குடும்பம் என்பது ஜப்பானிய எழுத்தருக்குத் தாளைப் பார்த்தவுடன் விளங்காது. ஆகவே திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் பிரதிகளையும் ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் கைப்பெட்டியிலேயே கொண்டுசெல்வது அவசியம். மேலும் வங்கிக் கணக்குகளில் பெயர், பிறமொழிச் சொற்களை எழுதப் பயன்படும் 'கதகானா' எழுத்தில் பதிவாகும். நீளமான தமிழ்ப் பெயரைக் கதகானாவில் பலவிதமாக எழுத முடியும் என்பதால், வங்கியில் ஒருவிதமாகவும் அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் இன்னொருவிதமாகவும் எழுதப்பட்டால், முதல் மாதச் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிவிடக் கூடும். முதல் நாளிலேயே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதையே காட்டுவதுதான் பாதுகாப்பானது.

வங்கிக் கணக்குக்குத் தொலைபேசி எண்ணும், தொலைபேசி இணைப்புக்கு வங்கிக் கணக்கும் கேட்கப்படுவது புதியவர்களைத் திணறவைக்கும் மற்றொரு முடிச்சு. வெளிநாட்டுக் கடன் அட்டையை ஏற்கும் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் முதலில் எண்ணைப் பெற்று, பிறகு வங்கிக்குச் செல்வதே இதற்கு எளிய வழி. நாட்டுக்குள் வந்து ஆறு மாதம் ஆகாத வெளிநாட்டவரை அந்நியச் செலாவணிச் சட்டம் 'வசிக்காதவர்' என்ற வகையில் சேர்க்கிறது என்றாலும், ஜப்பானிலுள்ள அலுவலகத்தில் பணிபுரிபவர் முதல் நாளிலிருந்தே 'வசிப்பவர்' ஆகிறார். எனவே கணவரின் கணக்கு விரைவில் திறக்கப்படும், மனைவியின் கணக்கு தாமதமாகலாம்.

கேள்வி: டோக்கியோவில் வாடகை வீட்டுக்கு எவ்வளவு முன்பணம் வேண்டும்? இந்தியர்கள் பெரும்பாலும் நிஷிகாசாயில் வீடு பார்ப்பதற்குக் காரணம் என்ன? (வாசகர், மதுரை)

பதில்: பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துப் பழகியவர்களுக்கு ஜப்பானிய முறையில் தொகையைக் காட்டிலும் அதன் தன்மையே வியப்பளிக்கும். திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகையான 'ஷிக்கிகின்', வீட்டு உரிமையாளருக்கு நன்றிக் காணிக்கையாகச் செலுத்தப்பட்டு ஒருபோதும் திரும்பாத 'ரெய்கின்', தரகுக் கட்டணம், வாடகை தவறினால் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்துக்கான கட்டணம், தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு, முதல் மாத வாடகை என எல்லாவற்றையும் கூட்டினால், சாவியைக் கையில் வாங்கும் முன்பே நான்கு முதல் ஆறு மாத வாடகைக்கு ஈடான பணம் கைவிட்டுப் போயிருக்கும். இவ்வளவு கொடுத்துப் பெறும் வீட்டில் பெரும்பாலும் அறைகளுக்கு மின்விளக்கும் திரைச்சீலையும் அடுப்பும்கூட இருக்காது.

வெளிநாட்டவர் என்ற ஒரே காரணத்தால் வீடு மறுக்கப்படுவதும் உண்டு. ஜப்பானிய நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவருள் 10 பேரில் ஏறத்தாழ 4 பேர் இந்த அனுபவத்தைப் பதிவுசெய்திருந்தனர். வருந்தத்தக்க இந்த நிலை மறைக்கப்பட வேண்டியதன்று, தெரிந்துகொண்டு தயாராக வேண்டியது. இதற்கு மாற்றாக விளங்குவது, அரசு சார்ந்த நகர்ப்புற மறுமலர்ச்சி முகமை நடத்தும் 'யூ.ஆர்.' குடியிருப்புகள். அங்கே வைப்புத்தொகையாக இரண்டு மாத வாடகை உண்டே தவிர, ரெய்கினும் தரகும் உத்தரவாதக்காரரும் இல்லை. வருமான வரம்பைக் கடந்து, உரிய தங்குரிமையும் பெற்ற எவரும் விண்ணப்பிக்கலாம்.

எடோகாவா வார்டிலுள்ள நிஷிகாசாய் இந்தியர்களின் இடமானதற்கு இத்தகைய குடியிருப்புகள் அங்கு மிகுதியாக இருந்தது ஒரு காரணம். கணினிகள் 2000-ஆம் ஆண்டைத் தவறாகக் கணக்கிட்டுவிடும் என்ற அச்சம் எழுந்த காலத்தில் இந்தியப் பொறியாளர்கள் பெருமளவில் வரவழைக்கப்பட்டபோது, நிதி நிறுவனங்கள் நிறைந்த ஓத்தேமாச்சி, நிஹோன்பாஷி, கயாபாச்சோ ஆகிய இடங்களுக்கு மாறாமல் செல்லும் தோசாய் சுரங்க ரயில் பாதையில் இவ்வூர் அமைந்திருந்தது மற்றொரு காரணம். அக்கம்பக்கத்திலேயே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் 2004-இலும் 2006-இலும் தொடங்கப்பட்ட பிறகு, குடும்பங்கள் நிலைத்துத் தங்கத் தொடங்கின.

கேள்வி: மிக்ஸி, கிரைண்டர், பிரஷர் குக்கர் ஆகியவற்றை எடுத்துச் செல்லலாமா? சைவச் சாப்பாட்டுக்கு வழி உண்டா? (வாசகி, திருச்சி)

பதில்: ஜப்பானிய வீடுகளின் மின்னழுத்தம் 100 வோல்ட் மட்டுமே. 230 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்ட 750 வாட் மிக்ஸியை நேரடியாகச் செருகினால் அது ஊறவைத்த உளுந்தைக்கூட அரைக்காமல் முனகும். மின்னழுத்தத்தை உயர்த்தும் மின்மாற்றி கட்டாயம் தேவை. மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் அது வழக்கத்தைவிட மிகுதியான மின்சாரத்தை இழுக்கும் என்பதால், மின்மாற்றியின் திறன் மிக்ஸியின் திறனைப் போல் இருமடங்காக இருப்பது நல்லது. டோக்கியோவை உள்ளிட்ட கிழக்கு ஜப்பானில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளும், ஒசாகாவை உள்ளிட்ட மேற்கில் 60 சுழற்சிகளும் கொண்டது; 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கே ஜெர்மன் இயந்திரங்களும் மேற்கே அமெரிக்க இயந்திரங்களும் வாங்கப்பட்டதன் விளைவு இது. இந்தியாவிலும் 50 சுழற்சி என்பதால் கோயம்புத்தூர் கிரைண்டர் டோக்கியோவில் இயல்பான வேகத்தில் ஓடும், ஒசாகாவில் சற்று விரைந்து ஓடும். பிரஷர் குக்கரைத் தயக்கமின்றி எடுத்துச் செல்லலாம். அடுப்பை மட்டும் அங்கே வீடு பார்த்த பிறகே வாங்க வேண்டும். குழாய் வழி வரும் நகர எரிவாயுவுக்கும் சிலிண்டர் எரிவாயுவுக்கும் உரிய அடுப்புகள் வேறு வேறானவை, ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது ஆபத்து. எரிவாயு இணைப்பைத் திறந்துவிட ஊழியர் வரும்போது வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால், குடிபோகும் நாளிலேயே பால் காய்ச்ச விரும்புவோர் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அரைக்கும் நேரமும் கவனத்துக்குரியது. மாடிக் குடியிருப்புகளில் தரைவழியே கீழ்வீட்டுக்கு இரைச்சல் இறங்குவதால், அதிகாலையில் சட்னி அரைக்கும் பழக்கத்தை மாற்றிக்கொண்டு, மிக்ஸியின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பை இட்டுப் பகல் நேரத்தில் அரைப்பது அயலாருடன் ஏற்படக்கூடிய முதல் மனக்கசப்பைத் தவிர்க்கும். வடை சுட்ட எண்ணெயைக் கழுவு தொட்டியில் ஊற்றுவது அங்கே பெருந்தவறாகக் கருதப்படுகிறது. சூடான எண்ணெயில் தூவினால் அதைக் கட்டியாக உறையச் செய்யும் தூள் கடைகளில் கிடைக்கும், உறைந்ததும் எடுத்து எரியும் குப்பையோடு சேர்த்துவிடலாம். குப்பையை எரியும் குப்பை, எரியாத குப்பை, மறுசுழற்சிப் பொருள்கள் எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய கிழமையில் காலை எட்டு மணிக்குள், காக்கை கிளறாதபடி வலைக்கு அடியில் வைக்க வேண்டும். மெத்தை, மேசை போன்ற பெரிய பொருள்களுக்கு முன்பதிவு செய்து, கடையில் கட்டண வில்லை வாங்கி ஒட்டிய பிறகே வெளியே வைக்கலாம்.

சைவ உணவைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியாத மீன்தான் இடர். உலர்ந்த சூரை மீனைச் சீவி எடுக்கும் 'தாஷி' என்னும் சாறு, காய்கறிக் கூட்டு, நூடுல்ஸ் குழம்பு, மிசோ சூப் என எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பதால், தட்டில் காய்கறி மட்டுமே தெரிவதைக் கொண்டு முடிவுக்கு வர இயலாது. கொம்பு என்னும் கடற்பாசியில் மட்டும் எடுத்த தாஷி சைவம். பொட்டல உணவுகளில் ஒவ்வாமை தரும் பொருள்களைக் குறிப்பிடும் சட்டம் உண்டு. அது முட்டையையும் பாலையும் கட்டாயமாக்குகிறது, ஆனால் மீனையும் இறைச்சியையும் அவ்வாறு கட்டாயமாக்கவில்லை. ஆகவே அந்தப் பட்டியலை முட்டை தவிர்ப்போர் நம்பலாம், சைவர்கள் நம்பலாகாது. இட்லி அரிசியும் துவரம் பருப்பும் நிஷிகாசாயிலும் ஒக்காச்சிமாச்சியிலும் உள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கும். பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், விதைகள் ஆகியவற்றைத் தாவர நலச் சான்றிதழின்றி எடுத்துச் செல்ல முயன்றால் விமான நிலையத்திலேயே பறிமுதலாகும்.

கேள்வி: நிலநடுக்கத்துக்கு அஞ்ச வேண்டுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அச்சத்தைவிட, வீடு பார்க்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி பயன் தரும்: கட்டடம் 1981 ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்த புதிய நிலநடுக்க விதிகளின்படி அனுமதி பெற்றதா என்பதே அது. அதிர்வு வலுவாக இருந்தால் எரிவாயு மானி தானாகவே அடைத்துக்கொள்ளும். பிறகு மானியிலுள்ள பொத்தானை அழுத்தி மீட்கும் முறையை முன்பே கற்றுக்கொள்ள வேண்டும். எடோகாவாவில் குடியேறுவோர் நிலநடுக்கத்துக்கு ஈடாக வெள்ளத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அந்த வார்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு கடலின் உயர் அலை மட்டத்துக்குக் கீழே உள்ளது. 2019-இல் வார்டு நிர்வாகம் வெளியிட்ட வெள்ள வரைபடம், பெரும்புயல் நெருங்கினால் வார்டுக்குள் இருக்க வேண்டாம், வெளியேறுங்கள் என்று தன் குடிமக்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லியது. தன் ஊரைப் பற்றி ஒரு நிர்வாகம் இவ்வளவு நேர்மையாகப் பேசுவது அரிது, அதற்குச் செவிசாய்ப்பதே முறை. தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119, காவல்துறைக்கு 110, பேரிடரின்போது குரல்செய்தி பதிவுசெய்ய 171.

கேள்வி: கணவர் அலுவலகம் சென்றபின் மொழி தெரியாத நகரில் மனைவி தனித்து விடப்படும் நிலையை எப்படி எதிர்கொள்வது? (வாசகி, சேலம்)

பதில்: வேலைக்குச் செல்பவரை அவருடைய நிறுவனம் தாங்கிக்கொள்கிறது; வரி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாவற்றையும் அலுவலகமே பார்த்துக்கொள்கிறது. குப்பைக் கிழமையையும் பள்ளியின் சுற்றறிக்கையையும் காய்ச்சலுற்ற குழந்தையின் மருத்துவரையும் எதிர்கொள்பவர் மனைவியே. ஆகவே நகரில் உண்மையாகக் குடியேறுபவர் அவர்தான் என்பதைக் குடும்பம் உணர வேண்டும். மொழி கற்கும் வாய்ப்பும் செலவும் முதலில் அவருக்கே உரியவை.

இடம்பெயர்ந்து வருபவர் இருபுற வீடுகளுக்கும் மேல், கீழ் வீடுகளுக்கும் சென்று, ஒரு சிறிய துண்டையோ இனிப்புப் பெட்டியையோ கொடுத்துத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது ஜப்பானிய வழக்கம். இளைய தலைமுறையினரிடம் இது குறைந்துவருகிறது என்றாலும், குழந்தையின் காலடியோசை கீழ்வீட்டுக்குக் கேட்கும் குடும்பத்துக்கு இதைப் போல் பயனுள்ள முதலீடு வேறில்லை. வார்டு நிர்வாகங்களின் ஆதரவுடன் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்புகள் மிகக் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன. 1995-இல் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் வெளிநாட்டவர்களுக்குச் செய்தி சென்றுசேரவில்லை என்ற பாடத்திலிருந்து, குறுகிய வாக்கியங்களும் எளிய சொற்களும் கொண்ட 'யசஷீ நிஹோங்கோ', அதாவது எளிய ஜப்பானியம், என்ற முறை உருவானது; வார்டு அலுவலகத்தில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பல ஊழியர்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

குழந்தையை ஜப்பானிய அரசுப் பள்ளியில் சேர்ப்பது வெளிநாட்டவருக்குக் கட்டாயமில்லை. விண்ணப்பித்தால் கல்விக் கட்டணமும் பாடநூலும் இலவசம். இந்தியப் பள்ளியில் பாடத்தொடர்ச்சி இருக்கும், செலவு கூடும். சில ஆண்டுகளில் திரும்ப எண்ணியிருக்கும் குடும்பத்துக்கு இந்தியப் பள்ளியும், நீண்ட காலம் தங்கும் குடும்பத்துக்கு அரசுப் பள்ளியும் பொருந்தும். அரசுப் பள்ளியில் சேரும் குழந்தையின் வழியாகத் தாய்க்கும் அயலாரின் நட்பு கிடைப்பதை எளிதாக எண்ணிவிடலாகாது.

மனைவியின் வேலையைப் பற்றிப் புறப்படும் முன்பே முடிவெடுப்பது நல்லது. 'கஸோகு தைஸாய்' எனப்படும் சார்ந்தோர் தங்குரிமையில் வருபவர், குடிநுழைவுத் துறையின் தனி அனுமதி பெற்ற பிறகே, அதுவும் வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டுமே பணிபுரியலாம். பட்டமும் பணி அனுபவமும் உள்ளவர் முழுநேர வேலை கிடைத்தால் தம் பெயரிலேயே பணி சார்ந்த தங்குரிமைக்கு மாறிக்கொள்ள முடியும். அதற்கு மூலப் பட்டச் சான்றிதழும் முந்தைய நிறுவனங்களின் பணிச் சான்றிதழ்களும் கேட்கப்படும் என்பதால், அவற்றை ஊரில் உள்ள பீரோவிலேயே விட்டுச் செல்லாமல் கணவரின் ஆவணங்களோடு சேர்த்து எடுத்து வைக்க வேண்டும்.