வளர்ப்புப் பிள்ளை உள்ள வீட்டில் படிக்க வேண்டியவை

கம்போங் ராஜாவில் நம் கடைக்கு வரும் அன்பர் ஒருவர், எடுத்து வளர்க்கும் பிள்ளையைப் பற்றிப் படிக்கத் தமிழில் சஞ்சிகை உண்டா என்று கேட்டார். நாம் எடுத்துக் காட்டியது அப்துல் ஹமீது பாகவி அவர்களின் தமிழ்த் தர்ஜமாவை. 33-வது ஸூராவில் 4, 5, 37 ஆகிய ஆயத்துக்களைப் பார்க்கச் சொன்னோம்.

நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைது (ரலி) அவர்களை மக்கள் முஹம்மதின் மகன் என்றே அழைத்து வந்தனர். ஆயத்து இறங்கியபின் ஹாரிஸாவின் மகன் ஸைது என்றாயிற்று. பெயர் மாறிற்றே தவிரப் பிரியம் குறையவில்லை. ஸஹாபாக்களில் குர்ஆனில் பெயர் வந்தவர் அவர் ஒருவரே! ஒருவர் வரவை மற்றவர் பேரேட்டில் எழுத வியாபாரிகளாகிய நாம் சம்மதிப்போமா? வமிசமும் அப்படித்தான்.

அடுத்துப் படிக்க வேண்டியது 1952-ம் வருடத்துத் தத்துப் பதிவுச் சட்டம், அதாவது 253-வது சட்டம். அதே வருடத்து 257-வது சட்டம் முஸ்லிம்களுக்குச் செல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளை இரண்டாண்டு இடைவிடாமல் நம் பொறுப்பில் இருந்திருந்தால் தேசியப் பதிவிலாகாவில் மனுச் செய்யலாம். பதிந்தாலும் வாரிசுப் பங்கு வராது. ஆனால் மூன்றில் ஒரு பாகம் வரை வஸிய்யத்து எழுதலாம். உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகவும் கொடுக்கலாம். நாளை எழுதுவோம் என்றிருந்து கண்மூடினால், கடையில் கூட நின்று உழைத்த பிள்ளை வெறுங்கையோடு வெளியேற நேரும்.

ஸைது (ரலி) அவர்களின் சரித்திரத்தைப் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே நாமே சொல்லி வைத்தால், பெற்றவர் பெயரைப் பிறர் வாயால் கேட்டு அது கலங்காது.