உப்புச் செல்லும் வழி

உப்பு விலையில் எளியது, பாரத்தில் பெரியது. இத்தகைய பொருளுக்கு விளையுமிடத்து விலையைக் காட்டிலும் கொண்டுசெல்லும் கூலியே மிகுதல் இயல்பு. ஆதலின், ஒரு நாட்டின் வழிகள் எத்தகையன என்று அறிய விரும்புவார் பொன் செல்லும் வழியை ஆராய வேண்டுவதில்லை. உப்புச் செல்லும் வழியை நோக்கினாற் போதும். சென்ற கோடை விடுமுறையில் மரக்காணத்து உப்பளங்களின் வரப்பிலே நின்றபோது இவ்வுண்மையை நாம் நன்கு உணர்ந்தோம்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையூர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரியதாகச் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர் பலர். பண்டு நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்றவர் உமணர். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறியுமோ என்றஞ்சி, அவர்தம் வண்டியின் கீழே வேறோர் அச்சினைச் சேமமாகக் கட்டிச் சென்றனர் என்பது புறநானூற்றால் அறியப்படும். சாலையை நம்பினவர், சாலையை மட்டுமே நம்பினாரல்லர்.

இரண்டாவது வழி நீர்வழி. 1806 ஆம் ஆண்டில் காக்ரேன் என்பார் சென்னையினின்று எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் அரசினர் கைக்கு மாறி, வடக்கே கிருஷ்ணை ஆற்றுப் பாசனப் பகுதி வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் ஏறக்குறைய 420 கிலோமீட்டர் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தில், பசித்த மக்களுக்கு வேலையளிக்கும்பொருட்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது. அக்கால ஆளுநரான பக்கிங்காம் கோமகனார் பெயரைக் கால்வாய் பெற்றது. அதனைத் தோண்டிய ஏழைகளின் பெயர்களோ ஒருவரும் அறியார். நீரின்மேற் செல்லும் பாரத்தை இழுக்க வேண்டும் வலி நிலத்தின்மேல் இழுப்பதிலும் மிகக் குறைவு. ஆதலின் கரையிலே நடந்து கயிறு பிடித்திழுத்த சிலரே பெரும்படகுகளை நகர்த்தினர். உப்பும் விறகும் இவ்வாறே சென்னைக்குச் சென்றன.

இருப்புப்பாதையும் லாரியும் போட்டியிட, ஆறுகளைக் கடக்குமிடங்கள் மணலால் தூர, 1960-களிலும் 1976 ஆம் ஆண்டிலும் வீசிய புயல்கள் கரைகளைச் சிதைக்க, இவ்வழி வீழ்ந்தது. சென்னை நகரில் இக்கால்வாயை ஒட்டியே 1995 முதற்கொண்டு பறக்கும் இரயில் ஓடுகின்றது. 2008 ஆம் ஆண்டில் இது நான்காம் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் மரக்காணத்து உப்பு இன்றும் லாரியிலேயே செல்கின்றது. புகைவண்டி ஏற விரும்பும் ஊரார் மேற்கே திண்டிவனத்துக்குச் செல்லல் வேண்டும்.

மூன்றாவது வழி கிழக்குக் கடற்கரைச் சாலை. 2002 ஆம் ஆண்டில் சுங்கச் சாலையாகிய இது, அண்மைக் காலத்தில் புதுச்சேரி வரையில் நாற்பாதையாக விரிக்கப்பட்டு வருகின்றது. இதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு முற்பகலில் அளத்து வேலை முடித்துச் சாலையோரம் நின்ற மூதாட்டியார் ஒருவரைக் கண்டோம். உவர்நீரில் நின்று நின்று அவர் பாதங்கள் வெடித்திருந்தன. "நெடுநேரமாக நிற்கின்றீரோ, ஆயா?" என்றோம்.

"ரோடு நல்லாத்தான் இருக்குது, தம்பி. ஓடறவங்களுக்குப் போட்டது. நிக்கறவங்களுக்கு ஒரு நெழலுகூட இல்ல" என்றார்.

நம் கண்ணெதிரே ஐந்து நெடுந்தூரப் பேருந்துகள் நில்லாது சென்றன. ஆறாவதாக வந்த நகரப் பேருந்தே நின்றது. மகளிர் சாதாரண நகரப் பேருந்துகளிற் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் 2021 மே மாதத்தில் தொடங்கிற்று. அஃது அவர்க்குப் பெருந்துணையே. எனினும் கட்டணத்தை நீக்கியது போலக் காத்திருக்கும் துன்பத்தையும் நீக்கினாலன்றோ அவ்வுதவி நிறைவுறும்?

ஒல்லாந்தர் நாடாகிய நெதர்லாந்து நம் தமிழ்நாட்டினும் மிகச் சிறியது. அங்கு 1632 ஆம் ஆண்டிலேயே ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லமுக்கும் இடையே குதிரை இழுக்கும் பயணப் படகுகள் குறித்த நேரத்திற் சென்றன. 1839-இல் அவ்விரு நகர்களுக்கிடையே அந்நாட்டின் முதல் இருப்புப்பாதை வந்தது. பின்னர் விரைவுச் சாலைகளும் வந்தன. ஆயினும் அந்நாட்டார் கால்வாய்களைக் கைவிட்டாரல்லர். இன்றும் சரக்குப் படகுகள் செல்கின்றன. படகு வருங்கால் பாலம் திறக்க, வண்டிகள் காத்து நிற்கின்றன. புதிய வழி வருதற்குப் பழைய வழி அழிய வேண்டுவதில்லை என்பதே அவர் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

சாலைக்குக் கால்வாய் பகையன்று. உமணர் வண்டியின் கீழ்க் கட்டிய சேம அச்சுப் போல்வது. கால்வாயைத் தூர்வாருதல் ஒருநாளில் முடியும் செயலன்று. அதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஆனால் அம்மூதாட்டியார் கேட்டது நிழல் ஒன்றே. நாற்பாதை அமைக்கும் நாட்டிற்கு அந்நிழல் அமைத்தல் அரிதாமோ? நாளை நம்முட் பொறியாளரும் ஆட்சியாளரும் ஆவார் இதனை மறவாதிருப்பாராக.