ஜக்கார்டு சித்திரமும் வண்ணக் கணக்கும்

தறியில் ஏறும் ஒவ்வொரு வண்ணத்திற்கும் செலவு உண்டு என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஊடையில் வண்ணம் ஒன்று கூடினால் சாயமேற்றிய நூல் கூடும், நாடா கூடும், ஜக்கார்டு அட்டைகள் கூடும், சேலை முடியும் நாளும் தள்ளிப்போகும்.

முன்னாளில் சித்திரக்காரர் கட்டத்தாளில் தூரிகை கொண்டு புட்டாவைத் தீட்டினார். அவர் கிண்ணத்தில் நான்கு வண்ணம் இருந்தால் சேலையிலும் நான்கே வண்ணம் வந்தது. இன்று அவ்வேலையில் பெரும்பகுதி கம்ப்யூட்டரில் நடைபெறுகின்றது. பழைய சேலையின் கரையை ஸ்கேன் செய்தோ, மயிலின் புகைப்படத்தைக் கொண்டோ புதிய சித்திரம் அமைக்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டரின் கிண்ணத்தில் இருப்பவை 1,67,77,216 வண்ணங்கள். அவற்றைத் தறிக்கு ஏற்ற அளவில் குறைப்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

பிட் என்பது யாது?

பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த பொறியை நம் நெசவாளர் நன்கறிவர். அட்டையில் துளை இருந்தால் கொக்கி எழும். துளை இல்லையேல் எழாது. மூன்றாவது நிலை இல்லை. இவ்வாறு ‘உண்டு, இல்லை’ என்ற இரண்டில் ஒன்றைக் குறிக்கும் இடமே ஒரு பிட். 240 கொக்கியுள்ள ஜக்கார்டில் ஓர் அட்டை என்பது 240 பிட் கொண்ட ஓலை என்று கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் சித்திரமும் புள்ளிகளால் ஆனதே. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் ஒதுக்கினால் இரண்டு வண்ணங்களைக் குறிக்கலாம். இரண்டு பிட் ஒதுக்கினால் 4. நான்கு பிட் ஒதுக்கினால் 16. எட்டு பிட் ஒதுக்கினால் 256. முழு வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிற்கும் எட்டாக ஒரு புள்ளிக்கு 24 பிட் செலவாகின்றது.

எண்ணிட்ட வண்ணம்

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் மல்பெரி விவசாயிகளுக்கு இம்முறை எளிதில் விளங்கும். ஆயிரம் கூடுகளில் ஒன்றுபோல் மற்றொன்று முழுதும் இராது. ஆயினும் அவர்கள் நல்ல கூடு, இரட்டைக் கூடு, கறைபட்ட கூடு, மெலிந்த கூடு என நான்கு குவியலாகப் பிரித்துவிடுகின்றனர். பிறகு ஒரு கூட்டைப் பற்றிச் சொல்ல ‘இது இரண்டாம் குவியல்’ என்பதே போதும்.

‘இண்டெக்ஸ்டு கலர்’ எனப்படும் எண்ணிட்ட வண்ணமும் இவ்வாறே. படத்தின் வண்ணங்களைச் சில குவியல்களாகப் பிரித்து, அவற்றைப் பாலெட் என்னும் பட்டியலில் வரிசை எண்ணிட்டு வைக்கின்றனர். ஒவ்வொரு புள்ளியிலும் வண்ணத்திற்குப் பதிலாக அதன் எண் மட்டும் எழுதப்படும். மூன்றாம் எண்ணில் உள்ள அரக்கைப் பச்சையாக மாற்ற வேண்டுமாயின் பட்டியலில் ஓரிடத்தை மாற்றினால் போதும். சித்திரம் முழுதும் மாறிவிடும். ஒரே புட்டாவைப் பல வண்ணச் சேர்க்கையில் பார்த்துத் தேர்ந்தெடுக்க இது பெரிதும் உதவும்.

பிட்டைத் தீர்மானிப்பது எது?

‘கிம்ப்’ என்னும் விலையில்லா மென்பொருளில் படத்தை இம்முறைக்கு மாற்றும்போது பலர் ‘நான்கு பிட்’ என்று எழுதிய பொத்தானைத் தேடுகின்றனர். இரண்டே வண்ணமுள்ள கறுப்பு வெள்ளைப் படத்திற்கன்றி அத்தகைய பொத்தான் அங்கு இல்லை. அங்கே கேட்கப்படுவது வண்ணங்களின் அதிகபட்ச எண்ணிக்கையே. பட்டியலில் எத்தனை வண்ணம் உள்ளதோ அதுவே பிட்டைத் தீர்மானிக்கின்றது. பி.என்.ஜி. கோப்பாக வெளியிடும்போது 2 வண்ணம் வரையில் ஒரு பிட். 4 வரையில் இரண்டு பிட். 16 வரையில் நான்கு பிட். அதற்கு மேல் 256 வரையில் எட்டு பிட். பதினாறு வண்ணப் பட்டியலில் பதினேழாவதாக ஒரு கறை நுழைந்தாலும் கோப்பு எட்டு பிட்டிற்குத் தாவிவிடும்.

240 புள்ளி அகலமும் 200 வரி உயரமும் உள்ள புட்டாவில் 48,000 புள்ளிகள் உள்ளன. சுருக்காத நிலையில் அது 24 பிட்டில் 1,44,000 பைட். எட்டு பிட்டில் 48,000. நான்கு பிட்டில் 24,000. இரண்டு பிட்டில் 12,000 பைட் ஆகும்.

செய்முறை

1. முதலில் நூலைத் தீர்மானிக்க வேண்டும். புட்டாவில் ஜரிகையும் இரண்டு பட்டு நூலும், அடித்தளம் ஒன்றும் எனில் மொத்தம் நான்கு. இந்த எண்ணிக்கையைப் படத்தைத் திறக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும்.

2. முழு வண்ணத்தில் இருக்கும்போதே படத்தைக் கொக்கிகளின் அளவிற்கும் வரிகளின் அளவிற்கும் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

3. ‘இமேஜ்’ பகுதியில் ‘மோட்’, அதனுள் ‘இண்டெக்ஸ்டு’ என்பதைத் திறந்து, அதிகபட்ச எண்ணிக்கையில் 4 என்று இட வேண்டும். மென்பொருள் தானாகக் காட்டும் பெரிய எண்ணை அப்படியே விடலாகாது.

4. மென்பொருளே பட்டியலைத் தேர்ந்தெடுக்குமாயின் அது பரப்பில் மிகுந்த வண்ணத்திற்கு முதலிடம் தரும். அடித்தள அரக்கில் இரண்டு சாயலை எடுத்துக்கொண்டு மயிலின் கண்ணிலுள்ள சிறு நீலத்தைக் கைவிட்டுவிடக்கூடும். ஆகவே நூல் வண்ணங்களையே கொண்டு தனிப் பாலெட் ஒன்றை அமைத்து, அதனைத் தேர்ந்தெடுப்பது நலம். பயன்படாத வண்ணத்தை நீக்கும் குறியையும் இட வேண்டும்.

5. ‘டிதரிங்’ என்பதை நிறுத்திவிட வேண்டும். குறைந்த வண்ணங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து, இல்லாத சாயலைக் கண்ணுக்குக் காட்டும் தந்திரம் அது. ஃபிளாய்டு, ஸ்டைன்பர்க் என்னும் இருவர் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இதில் புகழ்பெற்றது. திரையில் அது அழகு. தறியில் அது கேடு.

6. பின்னர்த் திருத்தும்போது விளிம்பு மழுங்காத பென்சில் கருவியையே கையாள வேண்டும். முடிந்த சித்திரத்தை ஜே.பி.ஜி. கோப்பாகச் சேமிக்கலாகாது. அவ்வகையில் வண்ணப் பட்டியல் நிலைக்காது. விளிம்புதோறும் இடைச் சாயல்கள் மீண்டும் முளைக்கும்.

தறியின் கணக்கு

கோப்பு சிறிதாவதுதான் இதன் பயன் என்று எண்ணிவிடலாகாது. இன்றைய கம்ப்யூட்டருக்கு இருபதினாயிரம் பைட் ஒரு பொருட்டன்று. பிட் கம்ப்யூட்டரின் கணக்கு. வண்ண எண்ணிக்கையோ தறியின் கணக்கு.

தறி இறுதியில் அறிவது எழுவதும் எழாததும் மட்டுமே. ஆதலின் பட்டியலிலுள்ள ஒவ்வொரு புட்டா வண்ணத்தையும் தனித்தனி ஒரு பிட் படமாகப் பிரித்தே அட்டை குத்த வேண்டியுள்ளது. 200 வரியுள்ள புட்டாவில் எல்லா வரியிலும் மூன்று வண்ண ஊடையும் வருமாயின் அதற்கு 600 அட்டைகள். ஐந்து வண்ணமாயின் 1,000 அட்டைகள். அடித்தள ஊடைக்கு வேண்டுவன தனி. கவனக்குறைவால் நுழையும் இரண்டு சாயல்களுக்காக 400 அட்டைகளைக் குத்தி, கோத்து, சுமக்க வேண்டுமா?

டிதரிங் விளைக்கும் தீங்கு இதனினும் பெரிது. ஒற்றைப் புள்ளியாகத் தூவிய வண்ணத்தில் ஊடை ஓரிடத்தில் மேலே தலைகாட்டி, அடுத்த புள்ளி வரையில் சேலையின் அடிப்புறத்தில் பிடிப்பின்றி ஓடும். அந்த நீள இழைகள் விரலிலும் வளையலிலும் சிக்கும். அவற்றை வெட்டி எறிந்தால் பட்டு வீணாகும். ஒற்றைப் புள்ளியின் பிடிப்பும் தளரும். மல்பெரி பயிரிட்டு, புழு வளர்த்து, கூடு கட்டுவித்த விவசாயியின் பல வார உழைப்பன்றோ அவ்வாறு குப்பைக்குப் போகின்றது? நெசவாளருக்கோ கூலி உயராமல் நாள் மட்டும் உயர்கின்றது.

எனவே சித்திரத்தைப் பெறும் அங்கத்தினர்கள், அட்டை குத்தும் முன்பு, பட்டியலில் எத்தனை வண்ணம் உள்ளது என்பதைத் தம் கண்ணால் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணும் தறிக்கு அருகில் வைத்துள்ள நூல்களின் எண்ணும் ஒத்திருந்தால் மட்டுமே வேலையைத் தொடங்க வேண்டும். ஒவ்வாவிடின் திருத்தித் தருமாறு கேட்கத் தயங்க வேண்டா. திரையில் திருத்துவது சில நிமிட வேலை. குத்திய அட்டையைத் திருத்துவதோ பல நாள் வேலை.

பயிற்சி வினாக்கள்

1. ஒன்பது வண்ணமுள்ள சித்திரத்தைப் பி.என்.ஜி. கோப்பாக்கினால் ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் ஆகும்?

2. 240 புள்ளி அகலமும் 160 வரி உயரமும் உள்ள நான்கு பிட் சித்திரம், சுருக்காத நிலையில் எத்தனை பைட்?

3. 150 வரியுள்ள புட்டாவில் ஒரு வண்ண ஊடையைக் குறைத்தால் மிஞ்சக்கூடிய அட்டைகள் எத்தனை? உங்கள் தறியில் அதனால் மிஞ்சும் நாள் எத்தனை?