பாய்மரக் கப்பலில் வேலை பழகுங்கள்: சுத்துக்கேணி இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடித்ததும் சுத்துக்கேணிப் பிள்ளைகள் பலருக்குத் தெரியும் வழி திருபுவனை அல்லது சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை. கம்பெனி பஸ், ஷிப்ட் வேலை, மாதச் சம்பளம். அது நல்ல வழிதான். ஆனால் அதே வயதில், அதே படிப்பை வைத்துக்கொண்டு கடல் பக்கமும் போகலாம். கடற்கரையில் பிறந்தவர்களுக்குத்தான் கடல் வேலை என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவைப் பாருங்கள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் இருந்து ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்ப்படகில் கிளம்பினார். உடன் இருந்தவர் லெப்டினன்ட் கமாண்டர் தில்னா ஒருவர் மட்டுமே. காற்றை நம்பி உலகைச் சுற்றி, 25,000 கடல் மைலுக்கு மேல் கடந்து, 2025 மே 29 அன்று இருவரும் கோவா திரும்பினார்கள். நம் மாநிலத்துப் பெண் செய்து காட்டியது இது.

உலகப் பயணம் பிறகு வரட்டும். முதலில் பாய் இழுக்கப் பழகுவோம்.

பயணியே வேலையாள்

ஐரோப்பாவில் பழைய பாய்மரக் கப்பல்களில் விடுமுறைப் பயணம் போகும் வழக்கம் உண்டு. நார்வேயின் ‘ஸ்டாட்ஸ்ராட் லெம்குல்’ 1914இல் கட்டப்பட்டது. நெதர்லாந்தின் ‘யூரோப்பா’வின் உடற்பகுதி 1911ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பணம் கட்டி ஏறுபவர்தான் இவற்றில் பாயும் இழுக்கிறார், சுக்கானும் பிடிக்கிறார், தளமும் கழுவுகிறார். முன் அனுபவம் கேட்பதில்லை. உடல்நலமும் மனமும் இருந்தால் போதும். 1956இல் தொடங்கிய பாய்மரக் கப்பல் பந்தயங்களில், கப்பலில் இருப்பவர்களில் பாதிப்பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பதே விதி. இளைஞர்களைப் பழக்கத்தான் இந்தக் கப்பல்கள் ஓடுகின்றன.

நம் நாட்டில் இந்தப் பணியைச் செய்பவை கடற்படையின் இரண்டு கப்பல்கள்: 1997இல் பணியில் சேர்ந்த ஐ.என்.எஸ். தரங்கிணி, 2012இல் சேர்ந்த ஐ.என்.எஸ். சுதர்ஷினி. இரண்டும் கோவா கப்பல் கட்டும் தளத்தில் உருவானவை. ஒவ்வொன்றுக்கும் மூன்று பாய்மரம், 54 மீட்டர் நீளம், 20 பாய். கொச்சியில் இருந்து கடற்படைப் பயிற்சியாளர்களை ஏற்றிச் செல்கின்றன. தரங்கிணி 2003–04இல் உலகைச் சுற்றி வந்தது. பணம் கட்டி இவற்றில் ஏற முடியாது. பெரும்பாலும் கடற்படையில் சேர்ந்தவர்களே ஏறுகிறார்கள்.

தமிழருக்கு இந்த வேலை புதிதும் அல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்மரக் கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை அட்லாண்டிக் கடலைக் கடந்து ஓட்டிப் போய், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

கப்பலில் என்ன வேலை?

கப்பலில் உள்ளவர்களை மூன்று குழுவாகப் பிரிப்பார்கள். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. நள்ளிரவு 12 முதல் 4 வரை உங்கள் முறை என்றால் பதினைந்து நிமிடம் முன்னதாகவே தளத்தில் நிற்க வேண்டும். நீங்கள் வரும்வரை முந்தைய குழு படுக்கப் போக முடியாது.

ஒருவர் சுக்கானில் நின்று, திசைகாட்டியைப் பார்த்து, சொன்ன கோணத்தில் கப்பலைப் பிடிப்பார். ஒருவர் கப்பலின் முன்முனையான அணியத்தில் நின்று விளக்கையும் படகையும் பார்த்துச் சொல்வார். மற்றவர்கள் கயிற்றில் நிற்பார்கள். பெரிய கப்பலில் நூற்றுக்கு மேல் கயிறு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி இடம். அதை இருட்டில் கைதடவிக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

காற்று வரும் திசையைத் தாண்டிக் கப்பலைத் திருப்பும் நேரத்தில்தான் கூட்டு வேலையின் அருமை புரியும். முன்மரத்துப் பாய்களைக் காற்று முன்புறமாக மோதி அணியத்தைத் தள்ளும்படி பிடித்து வைக்க வேண்டும். சரியான நொடியில் நடுமரத்துப் பருமல்களை, அதாவது பாய் கட்டிய குறுக்குக் கம்புகளை, திருப்ப வேண்டும். கப்பல் சுற்றி வந்ததும் முன்மரத்தையும் திருப்ப வேண்டும். ஒரு குழு தாமதித்தாலும் கப்பல் காற்றுக்கு நேராக நின்று பின்னால் போகத் தொடங்கிவிடும். உத்தரவைத் திரும்பச் சொல்லிவிட்டுச் செய்வது, முடித்ததும் உரக்க அறிவிப்பது, புரியாவிட்டால் உடனே கேட்பது ஆகிய மூன்றும் அங்கே இரண்டு நாளில் பழகிவிடும். எந்தத் தொழிற்சாலையும் மருத்துவமனையும் தேடுவது இந்தப் பழக்கங்களைத்தான்.

சுத்துக்கேணியில் இருந்து ஐந்து படி

1. நீச்சல். கிணற்றிலும் வாய்க்காலிலும் கற்ற நீச்சல் நல்ல தொடக்கம். பெரியவர் துணையோடு, நிற்காமல் நீந்தவும், கை கால் அடிக்காமல் மிதக்கவும் பழகுங்கள். கடலில் அலையும் நீரோட்டமும் வேறு. அங்கே பயிற்சியாளர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

2. என்.சி.சி. கடற்படைப் பிரிவு. பணம் அதிகம் செலவாகாத நல்ல வழி இதுதான். புதுச்சேரியில் இந்தப் பிரிவு இருக்கிறது. இதன் மாணவ மாணவியர் பாயும் துடுப்பும் கொண்ட வேலர் படகுகளில் காரைக்கால் வரை கடலில் போய்த் திரும்பியிருக்கிறார்கள். பள்ளி, கல்லூரியில் சேரும்போதே அங்கே கடற்படைப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். இதில் பெறும் சான்றிதழுக்குப் படைத் தேர்வுகளில் சலுகையும் உண்டு.

3. சிறு பாய்ப்படகு. புதுச்சேரியிலும் சென்னையிலும் பாய்ப்படகு சங்கங்கள் பயிற்சி தருகின்றன. சென்னைத் துறைமுகத்தில் உள்ள ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கியது. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ராணுவத்தில் இருந்தபடியே பாய்ப்படகு விளையாட்டில் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்குப் போனவர். சுத்துக்கேணியைப் போலவே வேலூருக்கும் கடல் கிடையாது.

4. முடிச்சு. ஒரு முழம் நைலான் கயிறு போதும். இறுகிப்போகாத வளைய முடிச்சு, கம்பத்தில் கட்டும் முடிச்சு, எட்டு வடிவ முடிச்சு ஆகிய மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகுங்கள்.

5. வேலைக்கான வாசல். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்தவர்கள் கடற்படையின் அக்னிவீர் தேர்வை எழுதலாம். வணிகக் கப்பலில் மாலுமியாக விரும்பினால், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் படிப்பு உண்டு. மதிப்பெண், வயது வரம்புகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபாருங்கள். அதிகாரியாக விரும்புபவர்களுக்கு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு இருக்கிறது.

பணம் போகும் இடங்களில் கவனம்

வெளிநாட்டுக் கப்பலில் ஒரு நாள் கட்டணமே நூறு யூரோவைத் தாண்டும். விமானச் சீட்டும் விசாவும் தனி. அதற்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள். உள்ளூர்ப் படிகளை முடித்தபின், வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் போங்கள். இளைஞர்களுக்கு உதவித்தொகை தரும் கப்பல்களும் உண்டு, எழுதிக் கேளுங்கள்.

வெளிநாட்டுக் கப்பலில் பயணம் போனதற்குத் தரும் சான்று மாலுமிகளுக்கான சி.டி.சி. புத்தகத்துக்கு ஈடாகாது. ‘ஒரு வாரம் போனால் கப்பல் வேலை உறுதி’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வணிகக் கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்திடம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்கும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். பயிற்சி நிறுவனமும் அந்த இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இரண்டையும் இயக்குநரகத்தின் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கப்பல் ஏறும் முன்

மழைச்சட்டை, வழுக்காத, பாதத்தை மூடும் காலணி, தலைவிளக்கு, இரண்டு ஜோடிக் கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். மோதிரம், சங்கிலி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்; கயிற்றில் மாட்டினால் விரல் போகும். குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கப்பல் கிளம்பும் முன்பே போடுங்கள். தலை சுற்றினால் கீழ்த்தளத்துக்குப் போகாமல் கப்பலின் நடுப்பகுதியில் நின்று அடிவானத்தைப் பாருங்கள். ரஸ்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடியுங்கள். பாய்மரத்தில் ஏறுவது கட்டாயமில்லை. ஏறினால் இடுப்புப் பட்டையை மாட்டாமல் ஒரு படிகூட ஏறாதீர்கள். ஒரு கை எப்போதும் கயிற்றைப் பிடித்திருக்கட்டும்.

திரும்பி வந்தபின்

சுயவிவரத்தில் ‘பாய்மரக் கப்பலில் பயணம் செய்தேன்’ என்று மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். எத்தனை கடல் மைல், எந்த நேர முறை, என்ன பொறுப்பு என்று எழுதுங்கள். கப்பல் தலைவரிடம் கையெழுத்திட்ட சான்று வாங்குங்கள். நேர்முகத் தேர்வில் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்: என்ன நிலைமை, உங்கள் பங்கு என்ன, எப்படி முடிந்தது.

ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற பேதம் கயிற்றுக்குக் கிடையாது. பெற்றோர்களே, உங்கள் மகள் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேரக் கேட்டால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். மாணவர்களே, இந்த வாரம் உங்கள் பள்ளியில் விசாரியுங்கள். இந்தக் கோடை விடுமுறைக்குள் நீச்சலை முடியுங்கள். பதினெட்டு வயதானதும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். இந்த மூன்றையும் முடித்தவர், தனக்குப் பொருந்தும் அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பிக்கத் தயாராக இருப்பார்.