காற்றில் விட்டால் யார் கேட்பார்?

புனே நகரம். சிவாஜி நகரில் ஒரு மூன்று மாடி அலுவலகம். மே மாத வெயில் கொளுத்துகிறது.

மொட்டை மாடியில் பழைய ஏ.சி. மெஷின்கள் எட்டு இருக்கின்றன. அவற்றைக் கழற்ற வேண்டும். மாமாவும் மருமகனும் வந்திருக்கிறார்கள். மாமா முப்பது ஆண்டுகளாக ஏ.சி. மெக்கானிக். மருமகன் திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

மருமகன் ஸ்பானரை எடுத்தான். குழாயின் நட்டைத் திருகப் போனான்.

"டேய், நில்லு! என்ன செய்யப் போற?"

"கேஸைத் திறந்து விடுறேன் மாமா. சீக்கிரம் முடிக்கணும்னு மேனேஜர் சொல்றாரு. காத்துல விட்டா யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா உன் பிள்ளைங்க அனுபவிக்கும். உட்காரு, சொல்றேன்."

மாமா சொன்னார்:

"இதில் இருப்பது ஆர்-22 என்ற கேஸ். வெளியே விட்டால் மெல்ல மேலே போகும். அங்கே ஓசோன் படலம் இருக்கிறது. வெயிலில் உள்ள கெட்ட கதிர்களை அதுதான் தடுக்கிறது. நமக்கு அது ஒரு குடை மாதிரி. இந்தக் கேஸ் அந்தக் குடையை அரிக்கும். குடை மெலிந்தால் கண்ணில் புரை வரும். தோலில் புற்றுநோய் வரும்.

"இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ ஆர்-22, சுமார் 1,800 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்."

"இதெல்லாம் யார் மாமா அளந்து பார்த்தது?"

"நம்ம புனேயிலும் அளந்தார்கள். அன்னா மணி என்ற அம்மா சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1948-ல் புனே வானிலைத் துறையில் சேர்ந்தார். வானத்து ஓசோனை அளக்கும் கருவியை நம் நாட்டிலேயே உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு."

ஓசோனைக் காக்க 1987-ல் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. இந்தியா 1992-ல் சேர்ந்தது. 2000-ல் அரசு விதிகள் வகுத்தது. 2025 ஜனவரி முதல் புதிய ஏ.சி. தயாரிக்க ஆர்-22 பயன்படுத்தக் கூடாது. உலகம் கட்டுப்பாடாக இருந்ததால் ஓசோன் படலம் மெல்லத் தேறி வருகிறது.

மாமா ரெக்கவரி மெஷினை எடுத்தார். அது கேஸை உறிஞ்சி சிலிண்டரில் அடைக்கும். சிலிண்டரில் எழுதியிருந்ததை மருமகன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: "ஆர்-22."

"படித்துப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். ஒரு கேஸோடு இன்னொன்றைக் கலந்தால் இரண்டும் வீண்."

மேனேஜர் வந்தார். "இன்னுமா முடியவில்லை?"

"அரை நாள் கூடுதலாக ஆகும் சார். கேஸைக் காற்றில் விட மாட்டோம். அரை நாள் கூலி குறைந்தாலும் பரவாயில்லை."

மேனேஜர் முகம் சுளித்தார். பிறகு, "சரி, செய்யுங்கள்" என்று போனார்.

மாலையில் சிலிண்டரை எடை போட்டார்கள். காலையில் 12 கிலோ. இப்போது 21 கிலோ. மருமகன் நோட்டில் எழுதினான்: "9 கிலோ." பிறகு கணக்குப் போட்டான். 9 × 1,800 = 16,200.

"பதினாறாயிரம் கிலோவா மாமா!"

"ஆமாம். இரண்டு நிமிஷத்தில் அதைத்தான் காற்றில் விடப் பார்த்தாய்."

நினைவில் வையுங்கள்

1. ஏ.சி. கேஸ் தேய்ந்து தீர்வதில்லை. அடிக்கடி நிரப்ப நேர்ந்தால் எங்கோ கசிகிறது. முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள்.

2. ஆர்-290 போன்ற புதிய கேஸ்கள் ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் தீப்பிடிக்கும். அருகில் பீடி, நெருப்பு கூடாது.

3. 24 டிகிரியில் வைத்தால் மின்சாரம் மிச்சம்.

4. பழைய ஏ.சி.யைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கே கொடுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. மேனேஜர் மறுத்திருந்தால் மாமா என்ன செய்திருக்க வேண்டும்?

2. கூடுதல் அரை நாளுக்கான கூலியை யார் கொடுப்பது நியாயம்?