முதல் கரண்ட் பில்லைக் கையில் வாங்கும் தொழில்முனைவோருக்கு

கோவை வட்டாரத்தில் புதிதாகப் பட்டறை போடும் தம்பி, தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது, "ஐயா, கரண்ட் பில்லைக் குறைக்க என்ன வாங்கணும்?" என்றுதான். வாங்குவது கடைசி வேலை. முதலில் பில்லைப் படிக்க வேண்டும், அடுத்து வீணாவதை நிறுத்த வேண்டும், அதன் பிறகுதான் காசு போட வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள் போட்ட காசை எடுக்கத் திணறியதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்த ஊரில் மில்களும் அவற்றை நம்பிய பட்டறைகளும் பெருகின. மின்சாரத்தால் வளர்ந்த தொழிலில் இன்று லாபத்தைத் தின்பதும் மின்சாரம்தான். கூலியையும் இரும்பு விலையையும் பைசா கணக்கில் பேரம் பேசும் நாம், கரண்ட் பில்லை மட்டும் விதியே என்று கட்டிவிட்டுப் போகிறோம். அது வேண்டாம். எனக்குத் தெரிந்ததைத் தமிழ்நாட்டு நடைமுறைப்படி வரிசையாகச் சொல்கிறேன்.

1. பில்லின் கடைசித் தொகையை மட்டும் பார்க்காதீர்கள்.

பில்லில் பல செலவுகள் சேர்ந்திருக்கின்றன. ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் ஒன்று. உயரழுத்த இணைப்பில், அதாவது எச்.டி.யில், இதைக் கேட்புக் கட்டணம் என்பார்கள். ஓட்டிய யூனிட்டுக்கான கட்டணம் இன்னொன்று. அதன் மேல் உச்ச நேரக் கூடுதல், பவர் ஃபேக்டர் அபராதம், 5 சதவீத மின்சார வரி. மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். கட்டண அட்டவணையில் யூனிட் 8 ரூபாயை ஒட்டி இருக்க, உங்களுக்கு 11 ரூபாய் விழுந்தால், நடுவில் உள்ள 3 ரூபாய் எங்கே போகிறது என்று தேடுங்கள். கட்டணத்தை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஜூலையில் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை புதிய அட்டவணையைப் பக்கத்தில் வைத்து இந்தக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

2. உங்கள் இணைப்பு எந்த வகையில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்.

பில்லிலேயே கட்டண வகை அச்சாகியிருக்கும். குறுந்தொழிலுக்கு III-ஏ, மற்றத் தொழிலுக்கு III-பி, கடை, அலுவலகங்களுக்கு V. 12 கிலோவாட்டுக்குள் ஓடும் சிறு பட்டறை III-ஏ சலுகைக்குத் தகுதி இருந்தும் கேட்காமலேயே III-பி-யில் கட்டிக்கொண்டிருப்பது உண்டு. மறுபக்கமும் கவனம் தேவை. தொழில் இணைப்பிலிருந்து ஷோரூமுக்கோ வாடகைக்கு விட்ட கடைக்கோ ஒயர் இழுக்காதீர்கள். மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆம் பிரிவு அதை அனுமதியில்லாத பயன்பாடு என்கிறது. இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். ஒரே ஆய்வில் ஓராண்டு லாபம் போய்விடும்.

3. தேவைக்கு மேல் மின்பளு வாங்கி வைக்காதீர்கள்.

தொடங்கும்போது, "பின்னால் மிஷின் வரும், இப்போதே சேர்த்து வாங்கிவிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். எச்.டி. இணைப்பில் பதிவான உச்சக் கேட்பு, அதாவது அந்த மாதம் நீங்கள் இழுத்த அதிகபட்சப் பளு, அல்லது ஒப்பந்தம் போட்ட கேட்பில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். 200 கே.வி.ஏ. வாங்கிவிட்டு 130 மட்டும் ஓட்டினால், 180-க்குக் கட்ட வேண்டும். ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 600 ரூபாயை ஒட்டி வருகிறது. ஆகப் பயன்படுத்தாத 50 கே.வி.ஏ.வுக்கு மாதம் 30,000 ரூபாய், ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். ஒரு நல்ல ஆபரேட்டரின் சம்பளம் அது.

தாழ்வழுத்தத்திலும் நிலைக் கட்டணம் அனுமதித்த கிலோவாட் கணக்கில்தான். பழைய மிஷினை விற்றவர்கள் பளுவைக் குறைக்க விண்ணப்பம் போட மறந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு மாத பில்லை எடுத்து, ஒவ்வொரு மாத உச்சக் கேட்பையும் ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒரேயடியாகக் குறைத்துவிடவும் கூடாது. ஒப்பந்த அளவைத் தாண்டிய கேட்புக்கு எச்.டி.யில் இரட்டைக் கட்டணம்.

மீட்டர் பதிவது ஒரு நொடித் தாவலை அல்ல, சில நிமிடச் சராசரியை. அதனால் காலையில் ஷிப்ட் தொடங்கியதும் ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ், கம்ப்ரஸர், பம்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஃபர்னஸ் சூடேறிய பிறகு மற்றவை வரட்டும். எந்த மிஷின் எந்த மணிக்கு என்று எழுதிப் பேனல் போர்டில் ஒட்டிவைத்தால் இதற்கு ஒரு பைசா செலவில்லை.

4. பவர் ஃபேக்டரை வாரம் ஒருமுறை பாருங்கள்.

இழுக்கும் கே.வி.ஏ.வில் வேலைக்குப் போகும் கிலோவாட்டின் விகிதம்தான் பவர் ஃபேக்டர். எச்.டி.யில் அதன் சராசரி 0.90-க்குக் கீழே போனால், குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் மின் கட்டணத்தில் 1 சதவீதம் அபராதம். 0.85-க்கும் கீழே போனால் விகிதம் இன்னும் ஏறும். 18.6 கிலோவாட், அதாவது 25 எச்.பி.யும் அதற்கு மேலும் உள்ள தாழ்வழுத்தத் தொழில்களுக்கு வரம்பு 0.85.

அபராதம் மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்கவும் வேண்டாம். 100 கிலோவாட் பளு 0.80-ல் ஓடினால் 125 கே.வி.ஏ. இழுக்கும், 0.98-ல் ஓடினால் 102-தான். பவர் ஃபேக்டரை உயர்த்தினால் மூன்றாவது குறிப்பில் சொன்ன கேட்புக் கட்டணமும் இறங்கும். எனவே ஒப்பந்தக் கேட்பைக் குறைக்கும் முன் பவர் ஃபேக்டரைச் சரி செய்யுங்கள்.

கெப்பாசிட்டர் சுவரில் மாட்டியிருப்பதாலேயே வேலை செய்கிறது என்று நம்பக் கூடாது. சூட்டிலும் வயதிலும் அது சத்தமில்லாமல் செத்துவிடும். எலக்ட்ரீஷியனை டாங் டெஸ்டர் எடுத்து ஒவ்வொரு பேஸாக அளக்கச் சொல்லுங்கள். 440 வோல்ட்டில் 10 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் பேஸுக்கு 13 ஆம்பியர் இழுக்க வேண்டும். 7, 8 காட்டினால் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

5. எந்த நேரத்தில் ஓட்டுகிறோம் என்பதும் விலைதான்.

எச்.டி. தொழிற்சாலைகளுக்குக் காலையிலும் மாலையிலும் உச்ச நேரத்தில் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை 5 சதவீதம் தள்ளுபடி. தாழ்வழுத்தத் தொழில்களுக்கும் உச்ச நேரக் கூடுதல் உண்டு. எல்லா வேலையையும் இரவுக்கு மாற்ற முடியாது. ஆட்களின் தூக்கத்தையும் உடம்பையும் பணயம் வைத்துச் சேமிக்கவும் கூடாது. ஆள் அதிகம் வேண்டாத வேலைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, பேட்டரி ஃபோர்க் லிஃப்டுக்குச் சார்ஜ் போடுவது, நீளமாக ஓடும் சி.என்.சி. ஜாப் ஆகியவை மாலை 6 முதல் 10 வரை ஓடாமல் இருந்தாலே பில்லில் வித்தியாசம் தெரியும்.

6. கம்ப்ரஸர் காற்றைப் பணமாகப் பாருங்கள்.

பட்டறையில் மிக அதிகம் வீணாவது இங்கேதான். 7 கிலோ அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று 3 கிலோவாட்டை விழுங்கும். நாளுக்கு 20 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 1,500 யூனிட், 12,000 ரூபாய். மிஷின் சத்தத்தில் அது காதில் விழாது.

இந்தச் சோதனையை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள். மிஷின்கள் எல்லாம் நின்ற பிறகு, எந்த வால்வையும் மூடாமல் கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். யாருமே காற்றை எடுக்காதபோதும் அது லோடு ஏறி இறங்கும். கைபேசியில் நேரம் பாருங்கள். 2 நிமிடம் லோடு, 8 நிமிடம் அன்லோடு என்றால், பத்தில் இரண்டு பங்கு, அதாவது 20 சதவீதக் காற்று கசிகிறது. பிறகு சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கப்ளிங், ஹோஸ், டிரெயின் வால்வாகப் போங்கள். நுரை வரும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, அந்த வாரத்துக்குள் அடையுங்கள். கசிவு 10 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

அழுத்தத்தையும் குறைத்துப் பாருங்கள். 1 கிலோ குறைத்தால் கம்ப்ரஸரின் மின்செலவு 6, 7 சதவீதம் குறையும். உறிஞ்சும் காற்று 4 டிகிரி குளிர்ந்தால் 1 சதவீதம் மிச்சம். ஃபர்னஸ் பக்கத்தில் கம்ப்ரஸரை வைத்திருப்பவர்கள் இடத்தை மாற்றிவிடுங்கள்.

7. மோட்டாரை விலை பார்த்து வாங்காதீர்கள், ஓடும் செலவு பார்த்து வாங்குங்கள்.

நாள் முழுதும் ஓடும் மோட்டார், தன் விலையைப் போலப் பல மடங்கு மின்சாரத்தைத் தன் வாழ்நாளில் தின்னும். திரும்பத் திரும்ப ரீவைண்டிங் செய்த மோட்டாரில் திறன் குறையும். நீண்ட நேரம் ஓடும் மோட்டார் எரிந்தால் திறன் கூடிய ஐ.இ.3 மோட்டாருக்கு மாறுங்கள். 5 எச்.பி. போதுமான இடத்தில் 10 எச்.பி. மாட்டினால் பவர் ஃபேக்டரும் கெடும்.

பம்பு, ஃபேனில் வால்வை நெரித்துக் காற்றையோ தண்ணீரையோ குறைப்பவர்கள், மோட்டாரின் வேகத்தையே மாற்றும் வி.எஃப்.டி. டிரைவைப் பற்றி யோசிக்கலாம். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏற்ற இறக்கம் இல்லாமல் முழு வேகத்தில் ஓடும் இடத்தில் டிரைவ் தண்டச் செலவு.

8. மீட்டரைத் தினமும் எழுதுங்கள்.

காலையும் மாலையும் ரீடிங் எடுத்து, அன்றைய உற்பத்தியையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பீஸுக்கு, ஒரு கிலோ வார்ப்புக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கு உங்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும். விடுமுறை நாளில் எத்தனை யூனிட் ஓடியது என்று பாருங்கள். நிறுத்த மறந்தது எது என்று அது சொல்லிவிடும். ஜெனரேட்டருக்கும் தனிக் கணக்கு வையுங்கள். ஒரு லிட்டர் டீசலில் 3 முதல் 3.5 யூனிட்தான் கிடைக்கும். ஒரு யூனிட்டுக்கு 25 ரூபாய்க்கு மேல் ஆகிறது என்று தெரிந்தால், அவசரமில்லாத வேலையை அதில் ஓட்ட மனம் வராது.

9. பெட்டி விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

"இதை மாட்டுங்கள், 30 சதவீதம் மிச்சம்" என்று ஒரு டப்பாவோடு வருவார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் இருக்கும். மாட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒரே உற்பத்திக்கு எத்தனை யூனிட் என்று உங்கள் நோட்டில் அளந்து காட்டிய பிறகே பணம் என்று சொல்லுங்கள். உண்மையான பொருளை விற்பவர் அதற்குச் சம்மதிப்பார்.

10. சூரிய மின்சாரமும் காற்றாலையும் இதற்கெல்லாம் பிறகு.

கசிவை அடைக்காமல் சோலார் போட்டால், கசிவுக்கும் சேர்த்துப் பேனல் வாங்குகிறீர்கள். முதல் எட்டுக் குறிப்பையும் முடித்துவிட்டு, மிஞ்சிய தேவைக்கு மட்டும் கூரையில் போடுங்கள். சோலாருக்கு மின்வாரியம் நெட்வொர்க் கட்டணம் கேட்டால், அதையும் சேர்த்தே லாபக் கணக்குப் பாருங்கள். பகலில் ஓடும் பட்டறைக்குக் கூரைச் சோலார் நன்றாக ஒத்துவரும்.

கொஞ்சம் வளர்ந்த பிறகு, காற்றாலையிலோ சோலார் பூங்காவிலோ பங்கு வாங்கும் குரூப் கேப்டிவ் வாய்ப்பு வரும். பயன்படுத்துவோர் 26 சதவீதத்துக்குக் குறையாத பங்கும், உற்பத்தியில் 51 சதவீதத்துக்குக் குறையாத பயன்பாடும் வைத்திருக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டு விதி. அந்த விகிதம் தவறினால் கூடுதல் கட்டணம் வந்து சேரும். ஒப்பந்தத்தை ஆடிட்டரும் வக்கீலும் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

11. தவறு இருந்தால் கேளுங்கள்.

பில் தப்பாக இருந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தீராவிட்டால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் சென்னையில் மின்சாரக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மரியாதையாக, ஆதாரத்தோடு, நோட்டோடு போங்கள். தினமும் எழுதிய ரீடிங் உங்களுக்காகப் பேசும்.

தம்பி, தங்கைகளே, இந்தப் பதினொன்றில் முதல் மூன்றுக்கும், ஆறாவதில் பெரும்பகுதிக்கும், எட்டாவதுக்கும் முதலீடே தேவையில்லை. ஒரு நோட்டும் ஒரு சோப்புத் தண்ணீர் வாளியும் போதும். பழைய பில் பன்னிரண்டையும் இன்றே ஃபைலில் போட்டு, உச்சக் கேட்பையும் பவர் ஃபேக்டரையும் எழுதத் தொடங்குங்கள். சிக்கனமாகக் கரண்ட் ஓட்டக் கற்றுக்கொண்ட பட்டறை, ஆர்டர் குறைந்த மாதத்திலும் தன் ஆட்களுக்குச் சம்பளம் தர முடியும்.