உவர்நீர்த் தொட்டியில் பாசி: காரணமும் தடுக்கும் வழியும்



சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் சென்றிருந்தபோது, கேலாங் வட்டாரத்தில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவரின் அடுக்குமாடி வீட்டிற்கு நாம் போயிருந்தோம். முன்கூடத்தில் கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. கண்ணாடியெங்கும் பச்சை நிறம். கற்களின் மேல் மயிர் போல் அடர்ந்த பாசி. அவர்கள் வாங்கிய கோமாளி மீன்கள் இரண்டு. நாம் கண்டதோ ஒன்றே.

மீன்கள் பசியால் வாடக்கூடாது என்றெண்ணி, வீட்டுச் சிறுவன் நாள்தோறும் ஐந்தாறு வேளை உணவிட்டிருக்கிறான். பாசி மிகுந்ததும் தந்தையார் பாசிக்கொல்லி மருந்தை ஊற்றியிருக்கிறார். இரண்டாம் நாள் விடியலில் ஒரு மீன் இறந்து மிதந்தது. “யார் செய்த பிழை, ஐயா?” என்று சிறுவன் கேட்டான். அவ்வினாவிற்கு விடையே இப்பாடம்.

பாசி வளரும் காரணம்

பாசி வளர ஒளியும் நீரும் உரமும் வேண்டும். மீன் உண்ணாது விட்ட உணவும் அதன் கழிவும் தொட்டியில் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. உணவிலிருந்து பாஸ்பேட்டும் நீரில் சேர்கிறது. இவ்விரண்டும் பாசிக்கு உரமாகும். உரம் நிறைந்த நிலத்தில் புல்லை மேலாக வெட்டினால் மீண்டும் தழைக்கும் என்பதைத் தோட்டத்தில் உழைப்போர் நன்கறிவர். கண்ணாடியை மட்டும் சுரண்டுவதும் அத்தகையதே.

புதுத் தொட்டியில் முதலில் தோன்றும் பழுப்புப் படலம் டயாட்டம் எனும் நுண்பாசி. சிலிக்கேட் தீர்ந்ததும் அது பெரும்பாலும் தானே குறையும். சிவந்த வழுவழுப்பான படலமோ உண்மைப் பாசியன்று. சயனோபாக்டீரியா எனும் நுண்ணுயிர்க் கூட்டம்.

மீன் இறந்தது ஏன்?

மருந்தால் பாசி ஒரே வேளையில் மடிந்தால் அத்தனையும் அழுகும். அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். இரவில் ஒளியின்மையால் புதிய ஆக்ஸிஜனும் உண்டாகாது. ஆகவே, விடியலில் மீன் மூச்சுத் திணறும். கடலிலும் பாசிப் பெருக்கம் அழிவைத் தருவதுண்டு. 2015ஆம் ஆண்டில் ஜொகூர் நீரிணையின் கிழக்குப் பகுதியில் நுண்பாசி பெருகியபோது, சிங்கப்பூர் மீன் பண்ணைகளில் 500 டன்னுக்கு மேற்பட்ட மீன்கள் மடிந்தன.

தடுக்கும் வழிகள்

1. நாளுக்கு ஓரிரு முறை, இரண்டு நிமிடங்களில் உண்டு தீரும் அளவே உணவிடுக.

2. குழாய்நீரில் உள்ள குளோராமின் மீனுக்குத் தீங்கானது. ‘ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்’ முறையில் நன்கு சுத்திகரித்த நீரில் கடலுப்பைக் கரைப்பதே சிறந்தது. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆதலால், குறைந்த அளவை உப்பிடாத தூய நீரால் நிரப்புக.

3. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதிய உப்புநீர் சேர்க்க. கழிவை நுரையோடு பிரிக்கும் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ கருவியும் உதவும்.

4. விளக்கை நாளுக்கு எட்டு மணி நேர அளவில் எரிய விடுக. சன்னல் வெயில் தொட்டியில் படலாகாது.

5. பாசியைக் கையால் பிடுங்கித் தொட்டிக்கு வெளியே அகற்றுக. டிரோக்கஸ், டர்போ போன்ற கடல் நத்தைகள் எஞ்சியதை மேயும்.

6. பால்மரக் கன்றுகளுக்கிடையே களையை அடக்க மூடுபயிர் இடுகிறோம் அல்லவா? அவ்வாறே தனி அறையொன்றில் விளக்கமைத்து, கீட்டோமார்ஃபா எனும் பயன்தரும் பாசியை வளர்க்கலாம். அது உரத்தை முன்னதாகவே உறிஞ்சிக்கொள்ளும். அவ்வப்போது அதில் ஒரு பகுதியை எடுத்தெறிந்தால் உரமும் உடன் வெளியேறும்.

எல்லாப் பாசியும் பகையன்று. பவளத்தின் உடலுள் வாழும் நுண்பாசியே அதற்குப் பெரும்பகுதி உணவூட்டுகிறது. அளவோடு நிறுத்துவதே நம் நோக்கம், அடியோடு அழிப்பதன்று.

ஓர் எச்சரிக்கை

தொட்டிப் பாசியையும் உயிர்களையும் கால்வாயிலோ கடலிலோ விடலாகாது. 1984இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் அருகே கடலில் காணப்பட்ட ‘காலர்ப்பா டாக்சிஃபோலியா’ எனும் தொட்டிப் பாசி, பின்னர் மத்தியதரைக் கடலில் பரவிப் பெருந்தொல்லையாயிற்று. கேலாங் ஆறும் இன்று குடிநீருக்குரிய மரினா நீர்த்தேக்கத்தையே சேர்கிறது என்பதை மறவாதீர்.

சிறுவனுக்கு நாம் கூறிய விடை இதுவே: “நீ காட்டிய அன்பில் பிழையில்லை, தம்பி, அளவிலேதான் பிழை. எஞ்சிய மீனைக் காப்பாற்ற இன்றே தொடங்கு.” அவன் உடனே ஒரு பழைய ஏட்டை எடுத்து, உணவிடும் நேரத்தைக் குறிக்கக் கோடு கிழித்தான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி மீனுக்கும் பொருந்தும்.

சிந்திக்க:
அ) பாசியைச் சுரண்டினால் மட்டும் போதாதது ஏன்?
ஆ) ஆவியான நீருக்கு ஈடாக உப்புநீரை ஊற்றினால் என்ன நேரும்?
இ) பயன்தரும் பாசியை மூடுபயிருக்கு ஒப்பிட்டது ஏன்?